நாட்பட்ட தோல் நோயும் போதைப் பழக்கமும்: காஞ்சி வட்டாரம் உணர்த்தும் வரலாறு

மனித உடலைப் பற்றும் நோய்களுள் தோல் நோய்க்குத் தனித்த ஓர் இயல்பு உண்டு. நுரையீரலிலோ குடலிலோ தோன்றும் பிணியை நோயாளி விரும்பும்வரை மறைத்து வைக்கலாம். தோலில் தோன்றுவதோ பிறர் கண்ணுக்கே முதலில் படுகிறது. எனவே தோல் நோயாளி தம் நோயோடு மட்டுமன்றிப் பிறர் பார்வையோடும் போராட வேண்டியவராகிறார். அந்நோய் ஆண்டுக்கணக்கில் நீடிக்குமாயின் அரிப்பு, உறக்கமின்மை, வருவாய் இழப்பு, தனிமை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. இவற்றை ஓரிரவேனும் மறக்கச் செய்யும் பொருளாக மதுவும் புகையிலையும் பிற போதைப் பொருள்களும் அவர் கைக்கு எட்டுகின்றன.

நாட்பட்ட தோல் நோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் உள்ள இத்தொடர்பைக் கடந்த சில பத்தாண்டுகளாக மருத்துவ உலகம் கவனத்துடன் ஆராய்ந்து வருகிறது. ஆயினும் இதனை மருத்துவச் செய்தியாக மட்டும் காண்பது போதாது. நோயாளியைச் சமுதாயம் எவ்வாறு நடத்தியது என்னும் வரலாறும் இதனுள் அடங்கியுள்ளது. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரமும், நெடுங்காலம் அதனோடு ஒரே மாவட்டமாக இருந்த செங்கல்பட்டும் இவ்வரலாற்றைக் கற்பதற்கு ஏற்ற களங்களாகும்.

காஞ்சியின் இரு பழங்காட்சிகள்

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தை இயற்றினான். அதன் களம் காஞ்சி மாநகரே. மது மயக்கத்தில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தை இழந்து, பௌத்த பிக்கு ஒருவர் மீது பழி சுமத்தி வழக்காடுகிறான். அந்நாடகத்தில் மதுக்கடை வேள்விச் சாலையோடு ஒப்பிடப்படுகிறது. சமயப் போலிகளை எள்ளி நகையாடுவதே நூலின் நோக்கம். எனினும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சித் தெருக்களில் மதுக்கடை பழக்கமான காட்சியாக இருந்தமையை அது நமக்கு உணர்த்துகிறது.

மற்றொரு காட்சி பெரிய புராணத்தில் உள்ளது. அளித்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கியமையால் கண்ணொளி இழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணின் ஒளியை மீளப் பெற்றதாகவும், பின்னர்த் திருத்துருத்தியில் நீராடி மேனியைப் பற்றிய பிணி நீங்கப்பெற்றதாகவும் அந்நூல் கூறுகிறது. தோல் நோயை ஒரு தவற்றின் விளைவாகக் காணும் மனப்பாங்கு இங்கு வெளிப்படுகிறது. இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. பழைய உலகின் பல சமுதாயங்களிலும் காணப்படுவது. நோயைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளும்போது நோயாளி குற்றவாளியாகிறார். அவர் பின்னர் மதுவையும் நாடினால், "முன்பே தெரியும்" என்று ஊர் தீர்ப்புக் கூறிவிடுகிறது.

அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றை அறிந்தோருக்கு இதில் ஒரு மாற்றுப் பார்வை கிட்டும். அவர்களைப் பற்றிய நோய் தோல் நோய் என்றே மக்கள் மரபு பேசி வருகிறது. அது எவ்வகை நோயாயினும் குற்றத்தின் தண்டனையாகச் சொல்லப்படவில்லை. பொறுமையின் சோதனையாகவே சொல்லப்படுகிறது. நோயையும் பழியையும் பிரித்துக் காண்பதற்கு இஃது ஒரு வலுவான அடிப்படையாகும்.

ஒரு பெயருக்குள் பல நோய்கள்

பழிக்கு மற்றொரு காரணம் பெயர்க் குழப்பம். ஆயுர்வேத மரபு குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்தது. நாம் இன்று தொழுநோய் என்பதும், வேறு பல படைகளும் சொறிகளும் அப்பொதுப் பெயருக்குள் அடங்கின. தமிழ் வழக்கில் தோலின் நிறம் மட்டும் மாறும் வெண்புள்ளிகளைக்கூட 'வெண்குட்டம்' என்று அழைத்தனர். அது தொற்று நோயன்று. தொழுநோயோடு எவ்வித உறவும் இல்லாதது. ஆயினும் அப்பெயரினாலேயே திருமணம் தடைப்பட்ட பெண்கள் நம்மிடையே உள்ளனர்.

அரபு மருத்துவ மரபு 'ஜுதாம்' என்று தொழுநோயையும், 'பரஸ்' என்று வெண்மை படரும் நோயையும் தனித்தனிச் சொற்களால் வழங்கியது. ஐரோப்பாவிலோ சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று வழங்கும் சோரியாசிஸ் நோயைத் தொழுநோயின் பெயரோடு கலந்து பேசும் வழக்கம் நீண்ட காலம் நிலவியது. 1841-இல் வியன்னா மருத்துவர் ஃபெர்டினாண்ட் வான் ஹெப்ரா இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அதுவரை பிறருக்குப் பரவாத சோரியாசிஸ் உடையோரும் தொழுநோயாளர் அடைந்த ஒதுக்கலையே அடைய நேர்ந்தது.

முஸ்லிம் ஆட்சியும் மருத்துவமும்

உமய்யாக் கலீஃபா அல்-வலீத் பின் அப்துல் மலிக் ஹிஜ்ரி 88-இல் (கி.பி. 707) திமிஷ்கில் தொழுநோயாளருக்கு உதவித்தொகை ஏற்படுத்தி, அவர்கள் பிறரிடம் கையேந்தாதவாறு செய்தமையை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். அவர்களைப் பிறரிடமிருந்து தனித்திருக்கச் செய்ததும் அவ்வேற்பாட்டின் ஒரு பகுதியே. எனினும் 'இரக்கக் கூடாது' என்பதோடு நில்லாமல் 'இரக்கத் தேவையில்லாமல் செய்ய வேண்டும்' என்னும் கொள்கை அங்கே செயற்பட்டது. நம் பொருளுக்கு இது மிக முக்கியமானது.

தொழுநோயாளரிடமிருந்து விலகி நிற்குமாறு கூறும் நபிமொழியும், நபி (ஸல்) அவர்கள் தொழுநோயாளர் ஒருவரைத் தம்முடன் உண்ணச் செய்ததாகக் கூறும் அறிவிப்பும் ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளன. இவ்விரண்டையும் இணக்கிப் பொருள் காண அறிஞர்கள் பலவாறு முயன்றுள்ளனர். தொற்றுக்கு எதிரான எச்சரிக்கையும் மனிதருக்கு உரிய மதிப்பும் ஒன்றையொன்று விலக்கவேண்டியதில்லை என்பதே நாம் பெறத்தக்க பாடம்.

மது மருந்தாகுமா என்னும் வினாவும் அன்றே எழுந்தது. மருந்துக்காக மது தயாரிப்பது குறித்து ஒருவர் வினவியபோது, அதனை நோயாகவே கருத வேண்டும் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததை ஸஹீஹ் முஸ்லிம் எடுத்துரைக்கிறது. ஆயினும் முஸ்லிம் மருத்துவர்கள் அனைவரும் ஒரே வகையில் வாழ்ந்துவிடவில்லை. 'அல்-கானூன்' என்னும் பெருநூலை ஆக்கிய இப்னு சீனா, இரவில் படிக்கும்போது உடல் தளர்ந்தால் மது அருந்தி ஊக்கம் பெற்றதைத் தம் வாழ்க்கைக் குறிப்பிலேயே கூறுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ், இறுதி நோயில் மருந்தாக மது தரப்பட்டபோது, அது உடலில் இருக்கும் நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்பாது மறுத்துவிட்டார் என்பர். அறிவும் விலக்கும் ஒருங்கே இருந்த இடத்திலும் மதுவின் ஈர்ப்பு இருந்தது என்பதை மறைக்காமல் ஏற்பது நேர்மையாகும்.

1898 சட்டமும் தறியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிகழ்ந்த மாற்றங்கள் காஞ்சி போன்ற ஊர்களுக்கு நேரடியாகப் பொருந்துவன. 1873-இல் நார்வே மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1889-இல் ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய பாதிரியார் டேமியன் அந்நோயினாலேயே இறந்தபோது பேரரசெங்கும் அச்சம் பரவியது. 1890-91-இல் இந்தியாவில் ஆராய்ந்த தொழுநோய் ஆணையம், இந்நோய் பரம்பரையாக வருவதன்று என்றும், தொற்றும் ஆற்றலும் குறைவே என்றும் முடிவு கூறியது. எனினும் 1898-இல் தொழுநோயாளர் சட்டம் இயற்றப்பட்டது. இரந்து வாழும் தொழுநோயாளரைப் பிடியாணையின்றிக் கைது செய்து காப்பகத்துக்கு அனுப்ப அது வழிவகுத்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தொழுநோயாளர் உணவும் மருந்தும் விற்கக்கூடாது; பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கக்கூடாது; மனிதர் உடுக்கும் ஆடையை விற்பனைக்காக ஆக்கவும் கூடாது.

இக்கடைசி விதியை ஒரு நெசவூரில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெசவாளனுக்குத் தறியே வீடு, வீடே தறி. குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்து, பாவையும் ஊடையையும் விரல் நுனியால் உணர்ந்து அவன் நெய்கிறான். கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்யும் காஞ்சிக் கோர்வை வேலைக்கு இருவர் கை வேண்டும். விரலின் உணர்வு மங்கினால் தொழில் மங்கும். உடனிருந்து நெய்பவர் அஞ்சி விலகினாலும் தொழில் நின்றுபோகும். முன்பணம் பெற்று நெய்யும் நெசவாளனுக்கு வேலை நின்ற நாள் கடன் ஏறும் நாளாகும். சட்டம் ஓர் ஊரில் அறிவிக்கப்பட்டதோ இல்லையோ, அதன் மனப்பாங்கு ஊர்தோறும் இருந்தது. உழைத்து உண்ண விடாமல் செய்து, இரந்தால் சிறைப்படுத்தும் ஏற்பாட்டில் சிக்கிய மனிதனுக்குக் கள்ளுக்கடை ஒன்றே கதவடைக்காத இடமாக எஞ்சியது. சென்னை மாகாண அரசின் வருவாயில் ஆப்காரி வரி பெரும் பங்கு வகித்த காலம் அது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

இச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் உட்படப் பல குடும்பச் சட்டங்களில் தொழுநோய் மணமுறிவுக்குரிய காரணமாக இருந்தது. மாத்திரைகளால் முற்றிலும் குணமாகும் நிலை வந்து பல பத்தாண்டுகள் கழிந்தபின், 2019-இல் அக்காரணம் அகற்றப்பட்டது.

திருமணியில் கற்ற பாடம்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. 1935 முதல் அங்குப் பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன் அதனை உலகறிந்த ஆய்வு நிலையமாக வளர்த்தார். அக்காலத்தில் கையில் இருந்த மருந்து நம் நாட்டு வைத்தியரும் அறிந்த நீரடிமுத்து எண்ணெய்தான். 1940களில் சல்போன் வகை மருந்துகள் வந்தபின் நிலைமை மாறியது. அவற்றை இந்தியாவில் முதன்முதலாகப் பயன்படுத்தியோருள் காக்ரேனும் ஒருவர். 1955-இல் நடுவண் அரசு இந்நிலையத்தை ஏற்று மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. 1997 முதல் 2019 வரை இது காஞ்சிபுரம் மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்தது. அவ்வாண்டு செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, காக்ரேனுடன் செங்கல்பட்டு நோயாளரைப் பார்வையிட்டபோது, முடங்கிய கை ஒன்றைப் பற்றினார். அக்கை தம் கையை வலுவாக இறுக்கியது கண்டு வியந்தார். தசைகள் அழுகிவிடவில்லை, சில நரம்புகளே செயலிழந்துள்ளன என்னும் தெளிவு அதிலிருந்து பிறந்தது. விரல்கள் நோயினால் தாமாக உதிர்வதில்லை. வலியுணர்வு அற்றதால் ஏற்படும் காயங்களாலும் தீப்புண்களாலும் அழிகின்றன என்பதை அவர் தொடர் ஆய்வுகள் நிறுவின.

போதைப் பழக்கம் இங்குதான் நேரடியாக நுழைகிறது. உணர்வற்ற விரலிடையே பீடி எரிந்து முடிவதை நோயாளி அறிவதில்லை. இரு விரல்களின் உட்புறத்திலும் அது புண்ணை உண்டாக்குகிறது. மிகு மது தன்னளவிலேயே கால் நரம்புகளைக் கெடுப்பது. ஏற்கெனவே மரத்த காலில் அது மேலும் மரப்பை ஏற்றுகிறது. மயக்கத்தில் நடப்பவன் முள்ளையும் கல்லையும் கவனிப்பதில்லை. 1982 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையில் உள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. குடிப்பவருக்கு அவ்விடர் மிகுதி. குடி மாத்திரையை மறக்கவும் வைக்கிறது.

அறுவை மருத்துவத்தால் கை நிமிர்ந்த ஒருவர், இக்கையைக் காட்டினால் முன்போல் பிச்சை கிடைப்பதில்லை என்று பிராண்டிடமே முறையிட்டதாக ஒரு செய்தி உண்டு. கை குணமாயிற்று, அக்கைக்கு ஊர் வேலை தரவில்லை. இதன் விளைவாகவே 1951-இல் வேலூரில் நோயாளருக்குத் தொழில் கற்பிக்கும் புதுவாழ்வு மையம் தோன்றியது. மருந்தும் தொழிலும் மனிதத் தொடர்பும் ஒருங்கே கிடைத்தாலன்றி நோய்ச் சுழல் அறுபடுவதில்லை என்பதை இவ்வட்டாரம் அன்றே கற்றது.

மதுவிலக்கின் எல்லை

இதே காலத்தில் சென்னை மாகாணம் மற்றொரு பெரும் முயற்சியில் இறங்கியது. 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. 1948-இல் அது மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. காஞ்சியின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா முதலமைச்சரானபோதும் அது தொடர்ந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து, 1981-இல் மறுபடியும் விலக்கப்பட்டது. 2003 முதல் சில்லறை மது விற்பனையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் தனியுரிமையாயிற்று.

மதுவிலக்கால் ஏழைக் குடும்பங்கள் பெற்ற நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் பழக்கத்துக்கு அடிமையானவரைச் சட்டம் மட்டும் மீட்டுவிடவில்லை. விலக்குக் காலத்தில் மருந்துக் கடையின் டிஞ்சரும், மரச்சாமான் பூச்சான வார்னிஷும் குடிக்கப்பட்டன. 2023-இல் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த நச்சுச்சாராய மரணங்கள், கடை திறந்திருக்கும் காலத்திலும் ஏழை எதைக் குடிக்க நேர்கிறது என்பதைக் காட்டின. குடிநோயை நோயாகவே கண்டு மருத்துவம் செய்யும் முயற்சிக்கு, 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நம் மாநிலத்தில் முன்னோடியாயிற்று.

இன்றைய ஆய்வுகள்

தொழுநோய் குறைந்துவிட்ட இன்று, சோரியாசிஸ் போன்ற நாட்பட்ட நோய்களே இத்தொடர்பின் முதன்மைக் களமாகியுள்ளன. 2014-இல் உலக நலவாழ்வுப் பேரவை இந்நோய் குறித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. மிகு மது இளைஞரிடமும் நடுவயது ஆடவரிடமும் சோரியாசிஸுக்கு ஓர் இடர்க்காரணி என்பதை 1990-இல் பின்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. பிரித்தானியாவில் 2017-இல் வெளியான ஆய்வோ, மதுவோடு தொடர்புடைய காரணங்களால் இறக்கும் இடர் சோரியாசிஸ் உடையோரிடம் மற்றவரைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுதி என்று கண்டது.

எனவே தொடர்பு இருவழிப்பட்டது. நோயின் துயரம் குடிக்குத் தள்ளுகிறது. குடி உடலின் அழற்சியைத் தூண்டி நோயை வளர்க்கிறது. இந்நோய்க்குத் தரப்படும் மெதோட்ரெக்சேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. குடிப்பவருக்கு அதனைத் தர மருத்துவர் தயங்குவார். குடியை மறைத்து அதனை உண்பவரோ பேரிடருக்கு ஆளாகிறார். உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ்க்கொப்புளங்கள் தோன்றும் ஒருவகை நோயில் பெரும்பாலோர் புகைபிடிப்பவராகவே காணப்படுகின்றனர்.

எதிர்ப்புறப் பிழையும் உண்டு. மூக்கும் கன்னமும் சிவந்து தடிக்கும் ரோசேசியா என்னும் நோயைக் 'குடிகாரன் மூக்கு' என்று ஐரோப்பியர் ஏளனம் செய்தனர். மதுவைத் தொட்டும் பாராதவருக்கும் அந்நோய் வரும். தோலைப் பார்த்து ஒழுக்கத்தை அளக்க முற்படுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

மருந்தே பழக்கமாகும்போது

இந்நாளில் மற்றொரு வகைச் சார்பும் பரவியுள்ளது. படைக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டுகள் உள்ளன. பூசிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னிலும் பெருகும், மீண்டும் பூசுவர். தோல் மெலிந்து, படை மேலும் பரவும். முகம் சிவக்கும் என்று நம்பி இதனைப் பூசும் பெண்கள் பலர். இது மதுவைப் போன்ற மயக்கம் அன்று. ஆயினும் விடமுடியாமை என்னும் பண்பில் அதனை ஒத்தது. 2018-இல் நடுவண் அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவையாக்கியது.

முடிவுரை

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கும்போது ஒன்று புலனாகிறது. தோலையும் மதுவையும் இணைக்கும் பாலத்தில் கிருமிக்கும் அழற்சிக்கும் பங்குண்டு. ஆனால் அப்பாலத்தின் பெரும்பகுதியை ஊர் கட்டியது. ஒதுக்கலும் பழியும் வேலையிழப்பும் அதன் கற்கள். திமிஷ்கின் உதவித்தொகையும், திருமணியின் மருந்தும், வேலூரின் தொழிற்கல்வியும் தத்தம் அளவில் அக்கற்களைப் பெயர்த்தன.

நம் சமுதாயத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மது விலக்கப்பட்ட இல்லங்களில் இச்சிக்கல் இல்லை என்று நாம் கருதிக்கொள்கிறோம். உண்மையில் அங்குத் துயருறுபவர் இரண்டை மறைக்க வேண்டியவராகிறார்: ஒன்று தோல், மற்றொன்று பழக்கம். உளூச் செய்யும் இடத்தில் கையைக் கழுவக் கூசி ஒதுங்கி நிற்பவரையும், தொழுகை வரிசையில் தோள் சேர்த்து நிற்கத் தயங்குபவரையும் நாம் கண்டிருக்கிறோம். அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தியபின் எங்குச் செல்கிறார் என்று நாம் கேட்பதில்லை.

மது பாவம் என்று அவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனை அவர் நம்மினும் நன்கறிவார். தோல் மருத்துவரிடம் தம் பழக்கத்தை மறைக்காமல் கூறும் துணிவும், மறுவாழ்வு நிலையத்துக்கு உடன்வரும் ஓர் உறவும், தொழிலில் தொடர ஓர் இடமுமே அவருக்குத் தேவை. இவற்றை நல்கும் ஊர் நோயை முற்றிலும் அகற்றாவிடினும், நோயாளியை மதுக்கடையின் பொறுப்பில் விட்டுவிடாது.